பருத்திக் காட்டிலிருந்து நூல் மில் வரை: ராஜபாளையம் கற்பிக்கும் பாடங்கள்

விளைபொருளை விளைந்தபடியே விற்பதைக் காட்டிலும், ஒரு படி பக்குவம் செய்து விற்பதால் வரும்படி அதிகம் என்பது குடியானவர்கள் யாவரும் அறிந்த விஷயமே. நெல்லை அரிசியாக்கியும், கரும்பை வெல்லமாக்கியும், கடலையை எண்ணெயாக்கியும் விற்பது பழைய வழக்கம். ஆயினும், இவ்வாறு தொழிலில் இறங்கத் துணிந்தவர்கள் எல்லோரும் மேன்மையடைந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. கையிலிருந்த பணத்தையெல்லாம் கட்டடத்தில் போட்டுவிட்டுச் சரக்கு வாங்க வழியின்றி நின்றவர்களும், பூர்வீக பூமியை ஈடு வைத்து இழந்தவர்களும் ஒவ்வொரு தாலூகாவிலும் உண்டு. எனவே, விவசாயப் பிரதேசம் ஒன்றில் பிறந்து, அந்தப் பிரதேசத்தின் விளைபொருளையே ஆதாரமாகக் கொண்டு பெருந்தொழில்களை நிலைநிறுத்திய ஒருவரின் முயற்சியை ஆராய்ந்து பார்ப்பது பிரயோஜனமுள்ளதாகும். ராஜபாளையம் ஸ்ரீ பி. ஏ. சி. ராமசாமி ராஜாவின் வாழ்க்கை அத்தகையது.

ஊரும் பயிரும்

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள். மலையை ஒட்டிய பூமியில் கண்மாய்ப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் நடைபெறுகின்றன; நெல், வாழை, தென்னை, மா முதலியவை அங்கே பயிராகின்றன. கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் நிலம் தொடங்குகிறது. அதில் மானாவாரிப் பருத்தியும் சோளமும் கம்பும் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலூகா முன்னர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்து, 1910-இல் ராமநாதபுரம் ஜில்லாவில் சேர்க்கப்பட்டது. 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது.

இப்பக்கத்துக் கரிசலில் விளைந்த உப்பம், கருங்கண்ணி ஆகிய நாட்டுப் பருத்திகள் அன்னிய தேசங்களிலும் ‘திருநெல்வேலிப் பருத்தி’ என்ற பெயரால் அறியப்பட்டிருந்தன. அவற்றைச் சீர்திருத்தும் வேலை, 1901-இல் ஏற்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் நடந்து வந்தது. 1905-ஆம் ஆண்டை ஒட்டிக் கம்போடியாப் பருத்தி இம்மாகாணத்தில் புகுந்தது. இதன் இழை நாட்டுப் பருத்தியின் இழையைவிட நீளமானது. கிணற்றுப் பாசனத்தில் நன்கு பலன் தருவது. இவ்விதம் இரு வகைப் பஞ்சும் ஒரே பிரதேசத்தில் கிடைக்கத் தொடங்கின.

பருத்தி இங்கே விளைந்தபோதிலும் நூல் பெரும்பாலும் வேறிடங்களிலேயே நூற்கப்பட்டது. ஹார்வி சகோதரர்கள் 1885-இல் பாபநாசத்தில் அருவி நீரின் விசையைக் கொண்டு நூல் மில்லை நிறுவினர். 1892-இல் மதுரையில் மற்றொன்று எழுந்தது. கோயமுத்தூரில் ஸ்ரீ ஜி. குப்புசாமி நாயுடு 1910-இல் லட்சுமி மில்லைத் தொடங்கியது முதல், உள்ளூர்க் குடிகளும் இத்தொழிலில் இறங்கலாம் என்ற தைரியம் பரவலாயிற்று. 1927-இல் விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. யந்திரம் வந்து இறங்கவும், சரக்கு வெளியூர் செல்லவும் வசதி ஏற்பட்ட பின்னரே ராஜபாளையத்தில் ஆலைத்தொழில் சாத்தியமாயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

ஸ்ரீ ராமசாமி ராஜாவின் முயற்சிகள்

ஸ்ரீ ராமசாமி ராஜா 1894-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் தேதி பிறந்தவர். ராஜபாளையம் மில்ஸ் என்னும் நூற்பாலைக் கம்பெனி 1936-இல் அவரால் நிறுவப்பட்டது; 1938 முதல் ஆலை வேலை செய்து வந்தது. 1939-இல் வைத்தியத்துக்கு வேண்டிய பஞ்சும் கட்டுத்துணியும் உற்பத்தி செய்வதற்காக ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் ஏற்பட்டது. 1946-இல் ஸ்ரீ விஷ்ணு சங்கர் மில் என்ற மற்றொரு நூற்பாலை தோன்றியது. 1957-இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் முதல் ஆலை விருதுநகர் அருகே அமைந்தது. அவ்விடம் இன்றும் ராமசாமி ராஜா நகர் என்றே வழங்கி வருகிறது. 1962-இல் அவர் காலமானார். சிமெண்டுக் கம்பெனி 2013 முதல் ராம்கோ சிமெண்ட்ஸ் என்ற பெயரைத் தாங்கி நடைபெறுகிறது.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே ஓர் உண்மை விளங்கும். முதல் ஆலை தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. சிமெண்டுக் கம்பெனி தொடங்கியபோது அறுபதைக் கடந்திருந்தது. அன்றியும், 1936 என்பது உலகமெங்கும் 1929-இல் ஏற்பட்ட வியாபார மந்தத்தால் பருத்தி, நெல் முதலிய விளைபொருள்களின் கிரயம் விழுந்து, குடியானவர்கள் கடனில் அழுந்திக் கிடந்த காலத்தை ஒட்டியது. வாலிபமும் நல்ல காலமும் இருந்தால்தான் தொழில் தொடங்க முடியும் என்ற எண்ணம் சரியன்று என்பது இதனால் பெறப்படும்.

சரக்கை அறிதல்

முதலாவது பாடம், தான் அறிந்த சரக்கிலிருந்தே தொடங்குதல். பருத்தி விளையும் பிரதேசத்தில் நூற்பாலை வைத்தால், எந்தக் கிராமத்துப் பருத்தி சுத்தமானது, எந்த மாதம் எடுத்தது நல்ல இழையுடையது, எவர் ஈரம் சேர்த்து நிறுப்பவர் என்பவை பிறர் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

இதன் மதிப்பை ஒரு கணக்கால் உணரலாம். கொட்டையுடன் கூடிய பருத்தி 100 கிலோவை அரைத்தால், சுமார் 34 கிலோ பஞ்சு கிடைக்கும்; மிகுதி பெரும்பாலும் கொட்டை. பஞ்சு வியாபாரத்தில் வழங்கும் கண்டி என்பது பழைய நிறுவையில் 784 ராத்தல், அதாவது ஏறக்குறைய 356 கிலோ. ஒரு கண்டிப் பஞ்சுக்கு ஏறக்குறைய 1,050 கிலோ பருத்தி வேண்டும். நூறு கிலோவுக்கு 34 கிலோ பஞ்சு தருவதற்குப் பதில் 32 கிலோவே தருமானால், அதே ஒரு கண்டிக்கு 1,110 கிலோவுக்கு மேல் வாங்க நேரிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கை வைத்துப் பார்த்தே பேதம் அறியக்கூடியவனுக்கு லாபமாவது அறியாதவனுக்கு நஷ்டமாகும்.

ஈரமும் இவ்வாறே. நூற்றுக்கு 8 பங்கு ஈரமுள்ள 100 கிலோ பருத்தி, 16 பங்கு ஈரமேறினால் 109 கிலோவுக்கு மேல் நிற்கும். விற்பவர் ஒன்பது கிலோ லாபமென்று நினைக்கலாம். ஆனால் வாங்குபவர் இதை அறியாதவரல்லர். ஈரப் பருத்தி மஞ்சளாகி இழை வலிவு குன்றும் என்பதும் அவருக்குத் தெரியும். எனவே, அக்கிராமத்துச் சரக்கு முழுவதற்குமே விலையைக் குறைத்துக் கேட்பார். ஒருவர் செய்த தவற்றுக்கு ஊரார் எல்லோரும் தண்டம் கொடுப்பது இப்படித்தான்.

முதலும் பொறுப்பும்

இரண்டாவது பாடம் முதலைப் பற்றியது. நூற்பாலை போன்ற பெருந்தொழிலைத் தனி ஒரு குடும்பத்தின் கைப்பணத்தால் நடத்துவது அரிது. ராஜபாளையம் மில் பங்குகளைக் கொண்ட கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டது. கூட்டு வியாபாரத்துக்கும் பதிவு பெற்ற கம்பெனிக்கும் உள்ள பேதத்தைக் குடியானவர்கள் நன்கு அறிந்துகொள்வது அவசியம்.

நான்கு பேர் சாதாரணக் கூட்டாக வியாபாரம் செய்து நஷ்டமடைந்தால், கடன் கொடுத்தவர் அந்நால்வரில் எவருடைய சொந்த வீடு, நிலம் ஆகியவற்றின் மீதும் முழுக் கடனுக்காகப் பாத்தியம் கொண்டாடலாம். கூட்டில் பங்கு சிறிதாயினும் பொறுப்பு சிறிதன்று. வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனியிலோ, பங்குதாரர் தாம் எடுத்த பங்கின் தொகையைச் செலுத்திவிட்டால், கம்பெனி முறிந்தாலும் அதற்கு மேல் அவர் சொத்தைத் தொட முடியாது. ஆயின் இதற்கு ஒரு விலக்குண்டு. கம்பெனி பெறும் கடனுக்கு ஒருவர் தாமே ஜாமீன் கையொப்பமிட்டாலோ, தம் நிலத்தை ஈடாக எழுதிக் கொடுத்தாலோ, அந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லாமற் போகிறது. படித்துப் பாராமல் இடும் ஒரு கையொப்பத்தால் மூன்று தலைமுறைப் பூமி கைமாறக்கூடும்.

மற்றொரு விஷயமும் உண்டு. பருத்தி வருஷத்தில் சில மாதங்களே சந்தைக்கு வருகிறது. மில்லோ வருஷம் முழுவதும் ஓட வேண்டும். அறுவடைக் காலத்தில் பல மாதங்களுக்கு வேண்டிய பஞ்சை ரொக்கம் கொடுத்து வாங்கி இருப்பு வைக்கப் பணம் வேண்டும். இதுவே நடைமுதல் எனப்படும். கட்டடத்துக்கும் யந்திரத்துக்கும் கணக்கிட்டு நடைமுதலுக்குக் கணக்கிடாமல் தொடங்கிய தொழில், யந்திரம் புதிதாக இருக்கும்போதே நின்றுவிடும். அரிசி ஆலைக்கும் எண்ணெய்ச் செக்குக்கும் இதே நியாயம் பொருந்தும்.

கழிவைச் சரக்காக்குதல்

மூன்றாவது பாடம், பிறர் கழிவென்று ஒதுக்குவதில் மதிப்பைக் காணுதல். மெல்லிய நூல் நூற்கும்போது பஞ்சைச் சீவிக் குறுகிய இழைகளை நீக்குவார்கள். இவ்வாறு நீங்குவது நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை இருக்கும். இது மெல்லிய நூலுக்கு உதவாது. ஆயினும் வைத்தியப் பஞ்சுக்கு நீண்ட இழை அவசியமில்லை. குறுகிய இழையே போதும்.

பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகு போன்ற ஒரு பசை உள்ளது. அதனால் சாதாரணப் பஞ்சு தண்ணீரில் மிதக்கும். அதைக் காரம் கலந்த நீரில் மூடிய கொப்பரையில் அழுத்தத்துடன் வேகவைத்து, மெழுகை நீக்கி, வெளுத்து, பலமுறை அலசி, உலர்த்தி, மீண்டும் சிக்கெடுத்துப் பாளமாகச் சுருட்டினால் அது ரத்தத்தையும் சீழையும் உடனே உறிஞ்சும் வைத்தியப் பஞ்சாகிறது. தண்ணீரில் இட்டால் பத்து விநாடிக்குள் அமிழ வேண்டும் என்பது அதற்குரிய சோதனை. 1939-இல் ராஜபாளையத்தில் இத்தொழில் தொடங்கிய அதே வருஷத்தில்தான் இரண்டாம் உலகப் போர் மூண்டது. கட்டுத்துணியின் தேவை எங்கும் பெருகிய காலம் அது.

இத்தொழில் ஓர் ஆலையோடு நிற்கவில்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியும் அதன் சுற்றுக் கிராமங்களும் கட்டுத்துணி நெசவுக்குப் பேர்பெற்றவை. மானாவாரி மழை பொய்த்த வருஷங்களிலும் தறி ஓடுவதால், அக்கிராமங்களின் குடும்பங்களுக்கு ஒரு வரும்படி நிற்கிறது. விவசாயத்துக்குப் பக்கத்தில் ஒரு கைத்தொழில் இருப்பது பஞ்ச காலத்துக் காப்பு என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை.

ஒன்று ஊன்றிய பின் மற்றொன்று

நான்காவது பாடம் நிதானம். முதல் நூற்பாலை தோன்றிய பத்து வருஷத்துக்குப் பின்னரே 1946-இல் மற்றொரு நூற்பாலை ஏற்பட்டது. அதற்கும் பதினொரு வருஷம் கழித்தே சிமெண்டுக் கம்பெனி. இடையில் 1939-இல் தொடங்கிய வைத்தியப் பஞ்சுத் தொழிலும் பருத்தியையே ஆதாரமாகக் கொண்டது. புதிய சரக்கை அறிய வேண்டிய சிரமம் அதில் இல்லை.

பருத்தியையே நம்பிய தொழிலுக்குப் பருத்தி விலையோடு ஏறி இறங்கும் அபாயம் உண்டு. சிமெண்டு அவ்விதமன்று. பந்தல்குடி முதலிய இடங்களில் பூமிக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லே அதற்கு மூலப்பொருள். மழை பொய்த்தாலும் புழு விழுந்தாலும் அது குறைவதில்லை. குடியானவர் ஒரே பயிரை நம்பாமல் ஒரு பாகம் தானியம், ஒரு பாகம் பணப்பயிர், கொட்டிலில் இரண்டு கறவை என்று வைத்துக்கொள்வதும் இதே நியாயத்தைப் பற்றியதே. ஆனால் முதல் தொழில் தன் காலில் நிற்கும் முன் மற்றொன்றில் கை வைப்பது பிரித்து வைத்தலாகாது, சிதறடித்தலாகும்.

வாரிசைப் பழக்குதல்

ஸ்ரீ ராமசாமி ராஜா காலமானபோது அவருடைய குமாரர் ஸ்ரீ பி. ஆர். ராமசுப்பிரமணிய ராஜாவுக்கு வயது முப்பது நிறையவில்லை. 1935-இல் பிறந்த அவர், தந்தையாரின் தொழில்களை ஏற்று, 2017-இல் தாம் மறையும் வரை அவற்றை விருத்தி செய்து வந்தார். சிமெண்டு ஆலை போன்றதொரு புதுத்தொழில் தொடக்க நிலையில் இருந்தபோதே தலைமை மாறியும் அது குலையவில்லை.

விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் கணக்குப் புஸ்தகமும், கடன் பத்திரமும், பட்டாவும் மூத்தவர் ஒருவர் பெட்டியிலேயே இருக்கின்றன. அவர் கண் மூடிய பின்னரே எவரிடம் எவ்வளவு வாங்கியது என்பது தெரிய வருகிறது. பிள்ளைகளும், வீட்டுப் பெண்மக்களும் மூத்தவர் இருக்கும்போதே கணக்கைப் பார்க்கவும், சந்தைக்குச் செல்லவும், தவறு செய்து திருத்திக்கொள்ளவும் பழக வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா

மேற்கூறியவை பெருந்தொழிலுக்கு மாத்திரம் உரியவை என்று எண்ண வேண்டியதில்லை. பத்து மைல் தொலைவுக்குள்ளேயே சிறு தொழிலுக்கும் உதாரணம் இருக்கிறது. கறந்த பால் வெயிற்காலத்தில் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். அதனால் அன்றன்றே கேட்ட விலைக்கு விற்க நேரிடுகிறது. அதே பாலைச் சர்க்கரை சேர்த்து இரும்பு வாணலியில் இடைவிடாமல் கிண்டி நீரை வற்றவைத்தால், சில நாட்கள் கெடாமல் வெளியூர் செல்லத்தக்க பால்கோவாவாகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இத்தொழிலைத் தனியாரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் நடத்தி வருகின்றனர். 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓர் ஊரின் பெயரே சரக்கின் தரத்துக்குச் சாட்சியாக நிற்கும் நிலை அது. அப்பெயரைக் காப்பது பாலில் தண்ணீர் கலவாத ஒவ்வொரு குடியானவரின் கையிலும் இருக்கிறது.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

பருத்தி பயிரிடுவோர் முதலில் விதையைக் கவனிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1996-இல் வெளியிடப்பட்ட எஸ்.வி.பி.ஆர். 2 முதலிய ரகங்களின் பெயரில் வரும் எழுத்துக்கள் அவ்வூரின் பெயரையே குறிப்பன. ஒரு கிராமத்தார் ஒரே ரகத்தைப் பயிரிட்டால் பஞ்சு ஒரே சீராக இருக்கும். வாங்குபவர் மொத்தமாக விலை பேச முன்வருவார்.

பருத்தியைப் பனி உலர்ந்த பின்பு, நன்கு வெடித்த காயிலிருந்து மாத்திரம், சருகு ஒட்டாமல் எடுக்க வேண்டும். கறை பட்ட சுளைகளைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். தலைமயிர், சணல் நார், பிளாஸ்டிக் சாக்கின் இழை ஆகியவை கலந்தால் அவை நூலிலும் துணியிலும் தொடர்ந்து வந்து சாயம் பிடிக்காமல் நிற்கும். ஆகவே பருத்தி எடுக்கவும் கட்டவும் பருத்தித் துணியையே உபயோகிப்பது நலம். நிழலில் உலர்த்திய பின்னரே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தொழில் தொடங்க விரும்புவோருக்கு இன்று சட்டத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் செய்த திருத்தத்தால், பத்துக் குடியானவர்கள் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்றைப் பதிவு செய்துகொள்ளலாம். அதில் அங்கத்தினருடைய பொறுப்பு பங்கின் அளவோடு நிற்கும். தனி நபர்களே அங்கத்தினராக உள்ள கம்பெனியில், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கே உண்டு. ஆகவே பெரிய நிலக்காரர் சிறிய நிலக்காரரை மிஞ்சிவிட இடமில்லை. எனினும் சட்டம் உருவத்தைத்தான் கொடுக்கும். உயிரைக் கொடுப்பது கணக்கு. வீட்டுச் செலவு, பயிர்ச் செலவு, தொழிற்செலவு ஆகிய மூன்றுக்கும் மூன்று புஸ்தகம் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை அங்கத்தினர் கூடியுள்ள இடத்தில் கணக்கைப் படித்துக் காட்டும் சங்கம் நீடிக்கும்.

தொடங்குமுன் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை எழுதிப் பார்த்துக்கொள்வது உசிதம். சரக்கை நேரில் மதிப்பிடத் தெரிந்தவர் யார்? அறுவடை மாதங்களில் வாங்கப் பணம் எங்கிருந்து வரும்? கழிவு என்ன விலைக்குப் போகும்? ஒரு வருஷம் முழுவதும் லாபமே வராவிட்டால் குடும்பம் எதைக்கொண்டு நடக்கும்? கடன் பத்திரத்தில் ஈடாக எழுதப்படுவது எது? இந்த ஐந்தில் ஒன்றுக்கேனும் விடை வராவிட்டால், அவ்வருஷம் பொறுத்திருப்பதில் நஷ்டமில்லை. நாற்பது வயதுக்கு மேல் தொடங்கியவரே நான்கு தொழில்களை நிறுவியிருக்கிறார்.

கிராம அதிகாரிகளின் உதவி

இவ்விஷயத்தில் கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் செய்யத்தக்கது அதிகம். அடங்கலில் பருத்தி, ரகம், பரப்பு ஆகியவை நேரில் பார்த்து எழுதப்பட்டிருந்தால், ஒரு கிராமத்தில் எவ்வளவு சரக்கு வரும் என்பதை முன்கூட்டியே காட்டி அரைவை ஆலைக்காரர்களிடமும் மில்காரர்களிடமும் பேசலாம். பாங்கியில் கடன் கேட்கும்போதும் அது தக்க ஆதாரமாகும். பட்டா இன்னும் காலஞ்சென்ற பெரியவர் பெயரிலேயே இருக்கும் குடும்பங்களுக்குப் பெயர் மாற்றம் செய்துகொள்ள அலுவலர்கள் வழிகாட்ட வேண்டும். நிலத்தை ஈடு வைக்கும் பத்திரங்களில் கையொப்பமிட வருவோருக்கு அதன் கருத்தை ஒருமுறை வாசித்து விளக்குவது சிறிய உபகாரமாகத் தோன்றினாலும், ஒரு குடும்பத்தின் சாப்பாட்டைக் காப்பதாகும்.

ஒவ்வொரு கிராமத்திலும் நூற்பாலை தோன்ற வேண்டுமென்பதில்லை, தோன்றவும் முடியாது. ஆனால் ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் மூட்டையாக வெளியேறும் சரக்கு எதுவென்று பார்த்து, அதில் ஒரு படி வேலையை ஊரிலேயே செய்துகொள்ள முடியுமா என்று யோசிப்பது எங்கும் இயலும். வருகிற பருத்தி அறுவடைக்கு முன் ஊரார் ஒரு மாலை கூடி, மேற்கண்ட ஐந்து கேள்விகளையும் எடுத்துப் பேசி, வந்த விடைகளை ஒரு புஸ்தகத்தில் எழுதி வைப்பார்களாயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.